நாங்கள் எடுத்துவிட்ட அடைப்பு

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போன ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், பேன்ட்டை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு, அமெரிக்காவில் நான் ஒரு அணையை உடைத்தேன்.

அணை என்றதும் மேட்டூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். முழங்கால் உயரம், பத்தடி அகலம். கட்டியது பொறியாளர் இல்லை, பீவர் என்கிற பிராணி. நம் ஊர்ப் பெருச்சாளியை நாய் அளவுக்கு வளர்த்து, வாலை மட்டும் தோசைத்திருப்பி மாதிரித் தட்டையாக்கினால் பீவர் கிடைக்கும். குச்சியையும் சேற்றையும் வைத்து ஓடையை மறித்து அணை கட்டும். தேங்குகிற தண்ணீரில் குடித்தனம் நடத்தும். இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும், டிவியில் பார்த்திருக்கிறேன். காலடியில் இருந்தபோதுதான் தெரியவில்லை.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. குடியுரிமைத் தேர்வில் கேட்ட கேள்விக்கெல்லாம் தப்பில்லாமல் பதில் சொன்னவன் நான். அதில் பீவரைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அது என் தப்பா?

கூட இருந்து உடைத்தவர் என் அண்ணன். கரையில் நின்றுகொண்டு "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று வழிகாட்டியவர் அண்ணி. இந்த மூன்று பேரையும் யாரென்றே தெரியாதவள் மாதிரி முப்பதடி தள்ளி நின்றவள் என் மகள் நித்யா.

2

அண்ணன் டெல்டாவில், குத்தாலத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். என்னைவிடப் பதினோரு வயது பெரியவர். அவரும் அண்ணியும் முதல்முறையாக எங்கள் வீட்டில் ஆறு வாரம் தங்குவதற்கு வந்திருந்தார்கள். விசா நேர்காணலில் "அமெரிக்காவுக்கு எதற்குப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "தம்பிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணுங்க" என்று அண்ணன் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதிகாரி சிரித்துவிட்டு விசா கொடுத்துவிட்டார். ஆக, அண்ணன் எதற்கு வருகிறார் என்பது எனக்கு முன்னாலேயே அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. நான் பாசத்தில் வருகிறார் என்று நினைத்து நயாகராவுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தேன்.

கையெழுத்து விவகாரம் இதுதான். அப்பா விட்டுப்போன நிலம் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. உழுவது, நடுவது, அறுப்பது எல்லாம் அண்ணன். பட்டாவில் பெயராக இருப்பது மட்டும் நான். அந்த நிலத்தில் கீழ்வயல் என்று ஒரு பகுதி உண்டு. பெயருக்கு ஏற்ற மாதிரி சுற்றுவட்டாரத்திலேயே பள்ளமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே உள்ள ஏழு பேர் வயல் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கும். கீழ்வயலைத் தாண்டினால் பெரிய வடிகால் இருக்கிறது. ஆனால் தண்ணீர் அங்கே போய்ச் சேர வழி கிடையாது. கீழ்வயலின் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டினால் எல்லார் தண்ணீரும் வடிந்துவிடும். வெட்டாததால் இரண்டு வருடமாக எட்டுக் குடும்பத்தின் சம்பாப் பயிர் மூழ்கி அழுகியது. எட்டாவது குடும்பம் எங்கள் அண்ணன் குடும்பம்.

வாய்க்கால் வெட்ட ஊரே தயார். பட்டாவில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் சம்மதப் பத்திரம் தர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் நினைத்திருந்தால் என்னைக் கேட்காமலே வெட்டியிருக்கலாம். நான் இங்கேயிருந்து என்ன செய்திருப்பேன், கூகிள் மேப்பில் பார்த்து அழுதிருப்பேன். ஆனால் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் போனில், என்ன உற்சாகத்தில் இருந்தேனோ, "அண்ணே, கீழ்வயல் நடுவுல ஒரு வீடு கட்டிட்டு வந்து உக்காந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். ஊரிலேயே பள்ளமான இடமாகப் பார்த்து வீடு கட்ட நினைத்த ஒரே ஆள் நான்தான். அண்ணன் அப்போது "சரிடா" என்று மட்டும் சொன்னார். தம்பி சொல்லிவிட்டான் என்று அந்த இடத்தில் கைவைக்காமலே இருந்துவிட்டார்.

பயிர் முதல் தடவை மூழ்கியபோது போனில் கேட்டார். "பாத்துக்கலாம்ணே" என்றேன். பிறகு பத்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பி வைத்தார். அச்செடுக்கப் போனேன், பிரின்டரில் மை இல்லை. பதினோரு மாதமாக மை இல்லை. இரண்டாவது தடவை மூழ்கியபோது, "அண்ணே, பேசாம நெல்லை விட்டுட்டு மீனை விடுங்க" என்று ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டால் இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டை நான் கட்டப்போகிறேனா? தெரியாது. கட்டப்போவதில்லையா? அதுவும் தெரியாது. தெரியாத ஒன்றை நோட்டரி முன்னால் எப்படிச் சத்தியம் பண்ணுவது?

3

வந்த முதல் மூன்று வாரம் அண்ணன் பத்திரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெட்டியில் துணிக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அது இருப்பதை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் நயாகராவில் நின்று "எவ்வளவு தண்ணி" என்றோம்.

எங்கள் தெருவில் அண்ணன் கவனித்தது ஒன்றே ஒன்றுதான். சாலையோரச் சாக்கடைக் கம்பியில் விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகிறது? என்னைக் கேட்டார். பத்தொன்பது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், தெரியவில்லை. ஒரு நாள் காலை மழை விட்டதும் கம்பி கம்பியாகப் பின்தொடர்ந்து நான்கு தெரு தாண்டிப் போய்விட்டார். போலீஸுக்கு யாரும் போன் செய்யாதது எங்கள் அதிர்ஷ்டம். திரும்பி வந்து, "அப்பார்ட்மெண்ட்டுக்குப் பின்னாடி ஒரு குட்டைல விடறாங்கடா. நல்ல ஏற்பாடு" என்றார். இந்த ஊரைப் பற்றி அவர் மனதாரச் சொன்ன ஒரே பாராட்டு அது.

அந்தச் சனிக்கிழமை நேச்சர் சென்டருக்குப் போகலாம் என்றது என் மனைவி விஜியின் யோசனை. அவளுக்கு அன்று மருத்துவமனையில் டியூட்டி. "மாலுக்கே கூட்டிட்டுப் போனா எப்படி? மரம் மட்டையைப் பாத்தா உங்க அண்ணனுக்குப் பிடிக்கும்" என்றாள். நேச்சர் சென்டர் என்பது காட்டையும் சதுப்பையும் வேலிபோட்டுக் காப்பாற்றி, நடக்கப் பாதை போட்டு, ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கும் இடம். நித்யாவுக்குப் பதினேழு வயது. புதிதாக வாங்கிய லைசென்ஸைப் பெரியப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே வண்டி ஓட்ட ஒத்துக்கொண்டாள்.

அண்ணி எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டார். புடவைக்குக் கீழே விஜியின் ஓட்டப்பயிற்சி ஷூ.

நுழைவாயிலில் ஏழெட்டு அறிவிப்புப் பலகைகள். நான் ஒன்றே ஒன்றை மட்டும் படித்தேன். அது உண்ணியைப் பற்றியது. புல்லில் உட்காராதீர்கள், காலுறையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், கடித்தால் காய்ச்சல் வரும் என்று இருந்தது. அதை நான் எனக்கே உரிய நடிப்போடு மொழிபெயர்த்ததில் அண்ணி பயந்துபோனார்.

"நம்ம மாட்டுல இருக்குமே, அந்த உண்ணிதானே தம்பி?"

"அதேதான் அண்ணி. ஆனா இது அமெரிக்க உண்ணி. இன்ஷூரன்ஸ் இல்லாம கடிச்சா வீட்டையே விக்கணும்."

"அப்பா, சும்மா பயமுறுத்தாத" என்றாள் நித்யா. "பெரியம்மா, ஒண்ணும் ஆகாது. அவரு எல்லாத்தையும் இப்படித்தான் சொல்வாரு."

மற்ற ஆறேழு பலகையும் பீவரைப் பற்றியதா, பூமியைப் பற்றியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஒரு குளத்தைப் பார்த்தபடி இருந்த பெஞ்சில் சாப்பிட்டோம். நித்யா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூரத்தில் ஏதோ பறவையைப் படம் எடுக்கப் போனாள். அண்ணன் கையைக் கழுவி, கைக்குட்டையில் துடைத்து, அதை மடித்துப் பையில் வைத்தார். மடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முரளி."

"சொல்லுங்கண்ணே."

"இன்னும் மூணு வாரத்துல கெளம்பிடுவோம்."

"அதுக்குள்ள என்னண்ணே அவசரம், இன்னும் ஒரு மால் பாக்கி இருக்கு."

"டேய், வெளையாடாம கேளு. அந்தக் கீழ்வயல்ல நீ வீடு கட்டப்போறியா, இல்லையா? கட்டறதுன்னா கட்டு, நான் வேற வழி பாக்கறேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. எதையாவது ஒண்ணு சொல்லு."

"என்னண்ணே, சோறு செரிக்கறதுக்குள்ள..."

"எதுத்த வயக்கார தங்கராசு வீட்டுக்கு வந்து உக்காந்துட்டான்டா. 'மூணாவது வருஷமும் போச்சுன்னா நான் நிலத்தையே விட்டுடுவேன்'ங்கறான். நான் என்ன சொல்றது அவன்கிட்ட? தம்பி யோசிக்கிறான்னா?"

அண்ணி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்குத் தொண்டையில் ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக்கும் இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். அப்போது குளத்தின் ஓரத்தில், தண்ணீர் வெளியேறுகிற இடத்தில், குச்சியும் குப்பையுமாக அடைத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

"அண்ணே, அங்க பாருங்க! அடைச்சிருக்கு!"

4

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் வடிகாலில் அடைப்பைப் பார்த்தவர், அதை எடுத்துவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். யார் வயல், யார் வாய்க்கால் என்று கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியில் போகிறவர்கூட மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் நான்கு தள்ளு தள்ளிவிட்டுத்தான் பந்திக்குப் போவார். பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார் என்று தெரிந்தால் மறுநாள் டீக்கடையில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அண்ணனின் கண் அந்தப் பக்கம் திரும்பியதுமே அவர் என்னிடம் கேட்ட கேள்வியை மறந்துவிட்டார். எனக்கு வேண்டியதும் அதுதான். பாதையை விட்டு இறங்கி, வரப்பில் நடப்பதுபோலக் கரையோரமாக நடந்து போய் நின்றார். நானும் போனேன். உண்ணி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

குனிந்து பார்த்தார். மேல்பக்கம் தண்ணீர் தளும்ப நின்றது. அதில் பத்துப் பன்னிரண்டு மரங்கள் இலையில்லாமல் பட்டுப்போய் நின்றன.

"தண்ணி வடியாம மரமெல்லாம் அழுகிப்போச்சு பாரு" என்றார். "எத்தனை நாளா நிக்குதோ."

பிறகு குச்சிகளைத் தொட்டுப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"தம்பி, இது தானா அடைச்ச மாதிரி தெரியல. எவனோ கட்டியிருக்கான். மண்ணு பூசியிருக்கான் பாரு, நல்லா வேலை தெரிஞ்சவன்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "இந்த ஊர்ல யாருண்ணே சேத்துல இறங்கி இதெல்லாம் கட்டப்போறான்? புயல்ல ஒடிஞ்ச மரக்கிளை வந்து சேந்திருக்கு" என்றேன். இருபத்திரண்டு வருட அனுபவம் பேசியது.

"நீ இந்த ஊர்க்காரன், ஒனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இறங்கினோம். முதல் குச்சி வரவேயில்லை. நெய்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தது. அண்ணன் எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்று காட்டினார். நான் இழுத்தேன். அவர் காலால் சேற்றைத் தள்ளினார். அண்ணி உண்ணிக்குப் பயந்து கரையிலேயே நின்றுகொண்டு, "ஏங்க, நடுவுல எடுக்காதீங்க, ஓரமா எடுங்க, சரிஞ்சு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கை அகலம் திறந்ததும் தண்ணீர் ஒரு சத்தத்தோடு பாய்ந்தது பாருங்கள், அண்ணன் "ஹா!" என்று கத்தினார். என் முதுகில் ஒரு அடி அடித்தார். நானும் கத்தினேன். அவரும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. தலையிலிருந்து கால்வரை சேறு. இந்த நாட்டில் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

"அப்பா!" நித்யா பாதையில் நின்றுகொண்டிருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. முகம் வெளுத்திருந்தது. "என்ன பண்றீங்க? அது பீவர் டேம்!"

அதன் பிறகுதான் அவள் முப்பதடி பின்னால் போனது.

5

வந்தது கேரல் என்ற பெண்மணி. எழுபது வயதிருக்கும். அங்கே சம்பளமில்லாமல் தொண்டு செய்பவர். சட்டையில் தவளைப் படம் போட்ட பேட்ஜ். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உங்களுக்காகத்தான் வடியவிட்டோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உதவி செய்தவன் முகத்தோடு சொன்னேன்.

அவர் மெதுவாக விளக்கினார். நான்கு வருடமாக ஒரு பீவர் குடும்பம் அங்கே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே பேருந்தில் வருகிறார்கள். இந்த வருடம் குட்டிகள் இருக்கின்றன. தண்ணீர் இறங்கிவிட்டால் குட்டிகள் இருக்கிற வளையின் வாசல் வெளியே தெரிந்துவிடும், நரி வரும். பட்டுப்போன மரங்கள் மரங்கொத்திக்காக.

நித்யா பக்கத்தில் வந்து ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். குட்டி என்றதும் அண்ணி, "ஐயையோ, புள்ளைங்க இருக்குதாமே! ஏங்க, மொதல்ல அத மூடுங்க" என்று பதறினார்.

அண்ணன் ஏற்கெனவே குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். "நானே கட்டிக் குடுத்துடறேன்னு சொல்லும்மா. அரை மணி நேரம் போதும். எடுத்தவன்தானே கட்டணும்."

கேரல் வேண்டாம் என்று கையை ஆட்டினார். யாரும் தொடக் கூடாதாம். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் பீவரால் சும்மா இருக்க முடியாதாம். பொழுது சாய்ந்ததும் குடும்பத்தோடு வந்து தானே அடைத்துவிடுமாம்.

இதை நித்யா சொன்னதும் அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். "நமக்கு தண்ணி நிக்கறதப் பாத்தா கை சும்மா இருக்காது. அதுக்கு ஓடறதக் கேட்டா சும்மா இருக்காது. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்னு சொல்லும்மா அந்தம்மாகிட்ட."

நித்யா சொன்னாள். கேரலும் சிரித்துவிட்டார். ஆனால் காகிதம் இல்லாமல் இந்த நாட்டில் எதுவும் முடியாது. அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் சம்பவ அறிக்கை என்று மூன்று பக்கம் கொடுத்தார். பெயர், முகவரி, அவசரத்துக்கு யாரை அழைப்பது. 'நீங்கள் ஏன் இதைச் செய்தீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று பாதிப் பக்கம் காலி.

"என்னண்ணே எழுதறது?"

"தண்ணி நின்னுச்சு, எடுத்துவிட்டோம். வேற என்ன?"

அதையே எழுதினேன். கடைசிப் பக்கத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். படிக்கவில்லை. சரசரவென்று மூன்று இடத்திலும் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நிமிர்ந்தபோது அண்ணன் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையெழுத்து போட ஒனக்கு வருதே" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் மாதிரிச் சொன்னார். சேறு காய்ந்து என் முகத்தில் இழுத்துப் பிடித்திருந்தது. சிரிக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

6

திரும்பும்போது அண்ணனும் அண்ணியும் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள். அல்லது கண்ணை மூடிக்கொண்டார்கள். சீட்டில் சேறு ஒட்டக் கூடாதென்று எல்லாருக்கும் கீழே குப்பைப் பையை விரித்திருந்தாள் நித்யா.

"அப்பா, பெரியம்மா சொன்னாங்க, உண்மையிலேயே கீழ்வயல்ல வீடு கட்டப்போறியா?" என்று சன்னமாகக் கேட்டாள்.

"ஒரு பிளான் போட்டு வச்சிருக்கேன். எக்ஸெல்ல."

"எக்ஸெல்ல யாராவது வீடு வரைவாங்களா?"

"உனக்குக்கூட மாடியில ஒரு ரூம் இருக்கு."

அவள் சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். "எனக்கா? என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே" என்றாள். கோபம் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. அடுத்த வருடம் கல்லூரிக்கு இந்த நாட்டின் இன்னொரு கோடிக்குப் போகப்போகிறவள் அவள். அவளுக்கு நான் ஒரு பள்ளத்தில் மாடி கட்டி வைத்திருந்தேன். எனக்கும் புரியவில்லைதான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "அண்ணே, அந்தப் பத்திரத்தைக் குடுங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை நித்யாவையும் கூட்டிக்கொண்டு நோட்டரியிடம் போனோம். வங்கியில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண். அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இதில் உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தான் கையெழுத்துப் போடுகிறீர்களா?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். நான், "எங்கே விருப்பம்? பின்னால் நிற்கிறாரே அண்ணன், போடாமல் விடமாட்டார்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார். அண்ணன் பெரிய மீசையோடு, கையைக் கட்டிக்கொண்டு, மூன்று வாரமாகத் தூங்காதவர் மாதிரி நின்றார். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். "மன்னிக்கவும், இன்று இதைச் செய்ய முடியாது" என்றார். ஜோக் என்றேன். எந்த நாட்டிலும் ஜோக்கை விளக்கினால் அது வாக்குமூலம் மாதிரித்தான் கேட்கிறது. முடியவே முடியாது என்றுவிட்டார்.

"என்னம்மா சொன்னான் ஒங்கப்பன்?" என்று அண்ணன் காரில் நித்யாவைக் கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ம்" என்றார் அண்ணன்.

மறுநாள் வேறொரு நோட்டரி. கார் கதவைத் திறப்பதற்கு முன் நித்யா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அவங்க என்ன கேட்டாலும் 'யெஸ்'னு மட்டும் சொல்லு. வேற வாயே திறக்கக் கூடாது. ப்ராமிஸ்?"

"ப்ரா..."

"ப்ராமிஸ்னு சொல்லு, ஜோக் சொல்லாத."

உள்ளே இருந்தவர் வயதானவர். விருப்பத்தின் பேரில்தானா என்று கேட்டார். யெஸ். என்ன பத்திரம் என்று தெரியுமா? யெஸ். இன்றைக்கு வெயில் அதிகம், இல்லையா? யெஸ். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் நேராகச் சொன்ன பதில்கள் அந்த மூன்றும்தான் என்று நினைக்கிறேன். அதில் ஒன்று வெயிலைப் பற்றியது.

நோட்டரி முத்திரைக்கு மேல் இன்னொரு முத்திரை வேண்டும் என்று தெரிந்து, அதை வாங்க நூறு மைல் போய் வந்ததெல்லாம் தனிக்கதை. அண்ணன் கிளம்பியபோது பத்திரம் அவர் பெட்டியில், அதே பிளாஸ்டிக் உறைக்குள் போனது. விமான நிலையத்தில் அவர் என் தோளைத் தொட்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த பீவர் அடைச்சிருச்சான்னு கேட்டியா?" என்றார். அடைத்துவிட்டது, மறுநாளே கேரல் நித்யாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தார் என்றேன். "எங்க கட்டுச்சாம்? அதே எடத்துலயா?" ஆமாம் என்றேன். திருப்தியாக உள்ளே போனார்.

7

புரட்டாசியில் வாய்க்கால் வெட்டினார்கள். ஐப்பசி மழையில் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு நிமிடம் பதினோரு விநாடி. கீழ்வயலின் நடுவே கலங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் பயிர் தலை நிமிர்ந்து நிற்கிறது. கடைசியில் யாரோ, தங்கராசாக இருக்கலாம், "போகுது போகுது" என்று கத்துகிறார். அதை நான் அலுவலகக் கழிப்பறையில் நின்று நான்கு தடவை பார்த்தேன். சந்தோஷமா, துக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் போன் செய்தேன். அங்கே விடிந்து, அண்ணன் வயலுக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"அண்ணே, என் ஹால்ல தண்ணி ஓடுது பாத்தேன்" என்றேன். அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். தங்கராசு கறி எடுத்துவந்து கொடுத்தானாம், எட்டு வீட்டிலும் பயிர் தப்பித்துவிட்டதாம். கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க, ஒரு சொல்லில் தீர்ந்துபோயிருக்க வேண்டிய ஒன்றுக்காக அவர்கள் இரண்டு வருடம் சேற்றில் நின்றது எனக்கு நெஞ்சை அடைத்தது. அதை நேராகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு ஒன்றுதான் வந்தது.

"அண்ணே, மேட்டுப் பக்கம் ஒரு எடமாப் பாருங்க. இன்னும் அஞ்சாறு வருஷத்துல எப்படியும் வந்துடலாம்னு..."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அண்ணி பேசினார்.

"தம்பி, நீங்க வரவே வேணாம். கேட்டா பதில் சொல்லுங்க, அது போதும்."